நாங்கள் போடும் எஃப் நிற்கட்டும்

கொரியப் பல்கலைக்கழகங்களின் கல்விப் பிரிவு அலுவலர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டாயப் பாடமான ஆங்கில உரையாடல் வகுப்பை நடத்தும் வெளிநாட்டு ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும், மதிப்பெண் பதிவேற்றும் வாரத்தில், எங்களுக்குள் நாங்கள் சொல்லிப் புலம்புவது உங்கள் காதுவரை வருவதில்லை. ஓராண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் வாய் திறக்கத் தயங்குவது இயல்புதான். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

வகுப்பில் என்ன நடந்ததோ அதுதான் மதிப்பெண்ணாக வரவேண்டும். இன்று அப்படி வருவதில்லை. நன்றாகச் செய்தவர் அத்தனை பேருக்கும் ஏ தர விதி இடம் கொடுப்பதில்லை. வகுப்புக்கே வராதவருக்கு எஃப், அதாவது தோல்வி, போட விதி இடம் கொடுக்கிறது, ஆனால் நீங்கள் விடுவதில்லை.

முதலில் ஏ-யைப் பற்றிச் சொல்கிறேன். மாணவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுத் தரம் பிரிக்கும் ஒப்பீட்டு மதிப்பீட்டில் ஏ கிரேடு 30 அல்லது 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஏ-யும் பி-யும் சேர்ந்தால் பெரும்பாலும் 70-க்குள் நிற்கவேண்டும். விகிதம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். 30 பேர் கொண்ட வகுப்பில் 30 விழுக்காடு என்றால் 9 பேருக்குத்தான் ஏ. பத்தாவது பெயருக்கு நேரே ஏ இட்டுச் சேமிக்கப் போனால் கணினித் திரை ஏற்க மறுக்கும். அந்தப் பத்தாவது பெயர் யாருடையது என்று நீங்கள் பார்ப்பதில்லை, நாங்கள் பார்க்கிறோம். மார்ச் மாதம் தன் பெயரையும் ஊரையும் சொல்வதற்கே கழுத்துவரை சிவந்துபோன ஒரு செவிலியர் படிப்பு மாணவி, ஜூன் மாத வாய்மொழித் தேர்வில் தன் பாட்டியின் சீமைப்பனிச்சைத் தோட்டத்தைப் பற்றி, கையில் துண்டுச்சீட்டு இல்லாமல், தப்பும் தவறுமாக இருந்தாலும் நிற்காமல் பேசினாள். இடையில் ஒரு சொல் கிடைக்காதபோது கையால் காட்டி, வேறு சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போனாள். உரையாடல் வகுப்பு இதைத்தான் கற்றுத்தர வேண்டும். அவளுக்குப் பக்கத்து இருக்கையில் பள்ளிப் பருவத்தில் சில ஆண்டுகள் கனடாவின் வான்கூவரில் வாழ்ந்துவிட்டு வந்த மாணவர். பருவம் முழுக்க அவர் புதிதாக ஒன்றும் கற்கவில்லை. ஏ அவருக்குப் போகிறது, அவளுக்கு பி பிளஸ்.

உங்கள் நாட்டின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான சுனுங்கிலேயே ஆங்கிலத்துக்கு இந்த முறை இல்லை. 2017 நவம்பரில் நடந்த தேர்விலிருந்து, நூற்றுக்கு 90-ம் அதற்கு மேலும் எடுத்த எல்லோருக்கும் முதல் நிலைதான். தேவையற்ற போட்டியையும் தனிப்பயிற்சிச் சுமையையும் குறைக்க அரசு எடுத்த முடிவு அது. நுழைவுத் தேர்வுக்கே வேண்டாமென்று விட்ட போட்டியை, உள்ளே வந்தபின் ஓர் உரையாடல் வகுப்பில் ஏன் திரும்பத் திணிக்கிறீர்கள்? 2020-இல் தொற்றுநோய்க் காலத்தில் எத்தனையோ பல்கலைக்கழகங்கள் ஒப்பீட்டு முறையைத் தளர்த்தின. ஏ கிரேடு கூடிவிட்டது என்ற கவலை அதன்பின் எழுந்தது உண்மை. அந்தக் கவலைக்கு மருந்து தேர்வைக் கண்டிப்பாக நடத்துவது. முப்பது பேரை ஒருவரோடு ஒருவர் மோதவிடுவது அல்ல.

இனி எஃப்.

மொத்த வகுப்புகளில் நாலில் ஒரு பங்குக்கோ மூன்றில் ஒரு பங்குக்கோ மேல் வராவிட்டால் எஃப் என்று உங்கள் விதிப்புத்தகமே சொல்கிறது. நான் அதைத்தான் பதிகிறேன். பதிந்த இரண்டொரு நாளில் துறை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வரும். குரல் பணிவாகவே இருக்கும். "பேராசிரியரே, இந்த மாணவருக்கு இது கடைசிப் பருவம். வேலையும் கிடைத்துவிட்டது. கொஞ்சம் பார்க்க முடியுமா?" மின்னஞ்சலில் இதை யாரும் எழுதுவதில்லை. எழுதமாட்டார்கள் என்பதே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

2016 செப்டம்பர் 28-இல், முறையற்ற வேண்டுகோள்களையும் கையூட்டையும் தடுக்கும் கிம் யங்-ரான் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, வேலையில் சேர்ந்துவிட்ட இறுதியாண்டு மாணவர்கள் வருகையைச் சரிக்கட்டச் சொல்லிப் பேராசிரியர்களைக் கேட்பது முறையற்ற வேண்டுகோளாகிவிடும் என்ற கேள்வி எழுந்தது. அப்போது கல்வி அமைச்சகம் பல்கலைக்கழகங்களுக்குச் சொன்ன வழி, விதியைத் திருத்தி எழுத்தில் வையுங்கள் என்பது. வேலை கிடைத்தவருக்கு மாற்றுப் பணி கொடுத்து மதிப்பெண் தர விரும்பினால், தாராளமாக எழுதுங்கள். எந்தப் பணி, எத்தனை வாரம், யார் திருத்துவது என்று எழுதிக் கொடுத்தால் நான் அப்படியே செய்வேன். வாய்மொழியாகக் கேட்டு, என் கையால் மாற்றவைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

அதே ஆண்டு இஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தில் நடந்ததை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. செல்வாக்கான ஒருவரின் மகள் வகுப்புக்கு வராமலே தேர்ச்சி மதிப்பெண் பெற்றதும் அதில் ஒரு பகுதி. அவருடைய சேர்க்கை ரத்தானது, பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார், பின்னர் அந்தத் தலைவரும் பேராசிரியர்கள் சிலரும் தண்டனை பெற்றார்கள். நீதிமன்றத்தில் நின்றவர்களில் மதிப்பெண் போட்ட ஆசிரியர்களும் இருந்தார்கள் என்பதை எங்களால் மறக்க முடியவில்லை.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. பிறப்பு விகிதம் விழுந்து, சேர மாணவர் இல்லாமல், செர்ரி பூக்கும் வரிசையில் தெற்கிலிருந்து பல்கலைக்கழகங்கள் மூடப்படும் என்று உங்கள் மக்களே பேசிக்கொள்கிறார்கள். சேர்ந்த மாணவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள் என்பதை அமைச்சகம் கணக்குப் பார்க்கிறது. 2027-க்குள் வெளிநாட்டு மாணவர் 3 லட்சம் என்ற இலக்கு வேறு. அவர்களில் ஒருவர் பாடத்தில் தவறினால் விசா பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்கிறது. ஓர் எஃப் உங்கள் மேசையில் வந்து விழும்போது இத்தனையும் சேர்ந்தே விழுகிறது.

மாணவருக்கும் அது சின்ன விஷயமில்லை. தேசிய உதவித்தொகை தொடர, முந்தைய பருவத்தில் 12 கிரெடிட்டும் நூற்றுக்கு 80 சராசரியும் வேண்டும்; வறிய குடும்பத்தினர் போன்ற சிலருக்குத் தளர்வுகள் உண்டு. ஓர் எஃப் அந்தச் சராசரியைக் கீழே இழுத்துவிடும். இரவு முழுக்கத் திறந்திருக்கும் கடையில் வேலைக்கு நின்றுவிட்டு, காலை 9 மணி வகுப்பின் கடைசி வரிசையில் தலை சாய்ப்பவரை எனக்குத் தெரியும். அவருக்கு எஃப் போடும்போது என் கை கூசத்தான் செய்கிறது. ஆனால் அவரைப் போலவே வேலை செய்துகொண்டு, முடிந்த நாளெல்லாம் வந்து, சி வாங்கிப் போகும் மாணவர்களும் அதே வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்காக எனக்கு யாரும் தொலைபேசியில் அழைத்ததில்லை.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். ஆசிரியர் பற்றிய கருத்துப் படிவத்தை நிரப்பினால்தான் மாணவரால் தன் மதிப்பெண்ணைப் பார்க்க முடியும். அந்தப் படிவத்தின் சராசரியை வைத்தே எங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது. கண்டிப்பானவர் என்று, மாணவர்கள் வகுப்புகளைப் பற்றிக் கருத்து எழுதும் எவ்ரிடைம் செயலியில் பெயர் வந்துவிட்டால் அடுத்த பருவம் வகுப்பு நிறையாது. இதனால் டி வாங்கவேண்டியவருக்கு பி போய்ச் சேருவதை நான் பார்த்திருக்கிறேன். போட்டவர்கள் நல்ல ஆசிரியர்கள். வாடகை கட்டவேண்டியவர்கள். அந்த ஒற்றை எண்ணை நம்பி ஒருவரின் வேலையை முடிவு செய்யாதீர்கள். வகுப்பில் வந்து உட்கார்ந்து பாருங்கள், எங்கள் தேர்வுத் தாள்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

உரையாடல் வகுப்புகளை ஒப்பீட்டு முறையிலிருந்து விடுவிக்க எந்தச் சட்டமும் தடையாக இல்லை; உங்கள் குழு கூடி முடிவெடுத்தால் போதும். எஃப் மாற வேண்டுமானால் மாணவர் எழுத்தில் முறையிடட்டும், காரணமும் முடிவும் பதிவாகட்டும். வருகைக் கணக்கு உங்கள் கணினியிலேயே இருக்கிறது. நாலாம் ஐந்தாம் வாரத்தில் யார் வரவில்லை என்று பெயர்களை அனுப்ப நாங்கள் தயார். அந்த வாரமே அவர்களை ஆலோசகப் பேராசிரியர் கூப்பிட்டுப் பேசட்டும். இரவு வேலையா, உடல்நலமா, மொழி புரியவில்லையா என்று கேட்கட்டும். மூன்று மாதம் கையில் இருக்கும்போது அந்தத் தொலைபேசியை மாணவருக்குப் போடுங்கள், பதினாறாவது வாரத்தில் எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை