கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆள்மாறாட்டம் செய்து பத்திரம் பதிந்த செய்திகள் நம் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. அதைத் தடுக்கத்தான் 2001-இல் பதிவுச் சட்டத்தில் 32-ஏ பிரிவைச் சேர்த்து, புகைப்படமும் விரல்ரேகையும் வாங்கச் சொன்னார்கள். சரி, வந்திருப்பவர் அசல் ஆள்தான் என்று தெரிந்துவிடுகிறது. எதில் கைநாட்டு வைக்கிறோம் என்பது அந்த ஆளுக்குத் தெரியுமா?

பத்திரம் எழுதியே பிழைத்தவன் நான். சென்ற ஆண்டு உறவினர் கிரயத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் வயதான ஓர் அம்மா. "கையெழுத்து உங்களதுதானேம்மா?" "ஆமாங்க." "கேமராவைப் பாருங்க." முடிந்தது. வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர், "தம்பிக்கு பேங்க் லோனாம், அதுக்குத்தான்" என்றார். கையிலிருந்த நகலை வாங்கிப் பார்த்தேன். அப்பா வழி நஞ்சையில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம்! உள்ளே போய்ச் சொன்னேன். "அதான் ஒப்புக்கொண்டாச்சே, ஐயா" என்றார்கள்.

எதை ஒப்புக்கொண்டார்? பதிவுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு கேட்பது, பத்திரத்தை எழுதிக்கொடுத்ததாக ஒப்புக்கொள்வதை. வீணா சிங் வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது: கையெழுத்து என்னுடையது என்று ஒருவர் சொல்வதால் மட்டும், பத்திரத்தை எழுதிக்கொடுத்ததாக ஒப்புக்கொண்டதாகிவிடாது. பதிவான பிறகு அதை ரத்து செய்ய அந்த அம்மா சிவில் கோர்ட் படியேற வேண்டும். வக்கீல் பீஸுக்கு எங்கே போவார்?

"வாசிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு" என்று பத்திரத்தில் எழுதுவது வழக்கம். உட்காரவைத்து வரி வரியாக வாசித்துக் காட்டும் எழுத்தர்கள் உண்டு. டீ ஆறுவதற்குள் கைநாட்டை வாங்கி அனுப்புகிறவர்களும் உண்டு. (எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.) ஆகவே அந்த வரியை நம்பி அலுவலர் சும்மா இருந்துவிட முடியாது.

முகூர்த்த நாளில் கூடுதல் டோக்கன் கொடுக்கும் துறைக்கு நேர நெருக்கடி இருக்கும், மறுக்கவில்லை. எல்லோரையும் விசாரிக்கச் சொல்லவில்லை. கைநாட்டு வைப்பவர்கள், முதியவர்கள், பணம் வாங்காமல் விடுதலையோ தான செட்டில்மெண்டோ எழுதிக்கொடுப்பவர்கள், இவர்களிடம் மட்டுமாவது, கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: "எந்தச் சொத்தம்மா, யாருக்கு எழுதிக்கொடுக்கிறீங்க, இனிமேல் அது யாருக்குச் சொந்தம்?" அவர் சொல்லும் பதிலை அவர் வார்த்தையிலேயே பத்திரத்தின் பின்பக்கக் குறிப்பில் இரண்டு வரி எழுதட்டும். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் அன்றைக்குப் பதிவு வேண்டாம். எழுதிய தேதியிலிருந்து 4 மாதம் வரை தாக்கல் செய்யச் சட்டமே அவகாசம் கொடுத்திருக்கிறது. பதிவுத்துறைத் தலைவர் இதை ஒரு சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர்,
திருவாரூர் மாவட்டம்.