செயலாளரின் ஆண்டறிக்கை: ஹேண்ட்ஸ்வொர்த், பர்மிங்காம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் கரீபிய சமூகச் சங்கம் இந்த ஆண்டு செய்த உடல்நலப் பணிகள் பற்றிய அறிக்கை இது.

1948 ஜூன் 22-இல், கரீபியத் தீவுகளிலிருந்து குடியேற வந்தவர்கள் விண்ட்ரஷ் கப்பலிலிருந்து இங்கிலாந்தின் டில்பரி துறைமுகத்தில் இறங்கினார்கள். இரண்டு வாரத்துக்குள் ஜூலை 5-இல் பிரிட்டனின் அரசு மருத்துவ அமைப்பான தேசிய சுகாதார சேவை தொடங்கியது. பிறகு ஜமைக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் வந்து அதன் வார்டுகளில் நர்ஸாக ஓடியாடிய அம்மாக்கள் சிலர் நம் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். ஊருக்கெல்லாம் பிரஷர் பார்த்தவர்கள், தங்களுக்குப் பார்க்கலாமா என்றால் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள்!

பிரஷர் பார்க்க ஆண்களைப் பிடித்தது டொமினோ மேசையில்தான். தோற்று எழுந்த ஜோடியை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, கையில் பிரஷர் கருவியின் பட்டையைச் சுற்றினோம். அவர்களைப் பேசாமல் இருக்கவைப்பதுதான் கஷ்டம். துண்டறிக்கை அடித்த காசுக்கு இது எவ்வளவோ மேல்.

முடிவெட்டும் சலூனில் ஆண்களிடம் பேசியதும் பலன் தந்தது. இந்நாட்டு ஆண்களில் 8-ல் ஒருவருக்கு வாழ்நாளில் பிராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் வருகிறது; கறுப்பின ஆண்களில் 4-ல் ஒருவருக்கு. ஆசனவாயில் விரல்விட்டுப் பார்க்கும் சோதனைக்குப் பயந்தே பலர் டாக்டர் பக்கம் போவதில்லை. முதலில் செய்வது பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை என்று தெரிந்ததும் முகம் தெளிந்தது. 45 வயதானவர்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

அரிவாள் செல் நோய் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது; ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து கடும் வலி தரும் பரம்பரை நோய் இது. வலி உச்சத்தில் மருத்துவமனைக்குப் போன நம் இளைஞர் ஒருவரை, போதை மருந்துக்கு வந்தவரைப் போல நடத்திக் காக்கவைத்தார்கள். வந்த அரைமணி நேரத்துக்குள் வலி மருந்து கொடுக்க வேண்டும் என்பது, சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல். அதை அட்டையில் அச்சிட்டுப் பர்ஸில் வைக்கக் கொடுத்திருக்கிறோம். நியாயமாக, அந்த அட்டைக்கே தேவை இருக்கக் கூடாது.

இந்நோயாளிகளில் பலருக்கு ரத்தம் ஏற்றும்போது பொருத்தமானது ஆர்-ஓ (Ro) என்ற உள்வகை ரத்தம். கறுப்பினக் கொடையாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இருக்கும் இது, மற்றவர்களிடம் அரிது. எனவே இளையவர்கள் ரத்தம் கொடுக்க வர வேண்டும்.

சமையலறையில், உப்பைக் குறைக்க, உப்புமீனை இரவே ஊறவைத்துத் தண்ணீரை மாற்றச் சொன்னோம். ருசி போச்சு என்ற புகார் இன்னும் நிற்கவில்லை. நானும் அந்தக் கட்சிதான்.

பிரஷர் கருவிக்குப் பெரிய பட்டை ஒன்று வாங்க அனுமதி கேட்கிறேன். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரைப் பாருங்கள்.