அது பேய் முகமூடி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சுற்றுலாப் பக்கத்தில் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துக் கேரித் தீவைப் பற்றிப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அங்குள்ள பழங்குடிகளான மஹ் மெரி மக்கள் செதுக்கிய ஒரு முகமூடியின் கீழே ‘பேய் முகமூடி’ என்று போட்டிருந்தது மனதை உறுத்திவிட்டது. அந்தத் தீவில் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

அது பேய் இல்லை, மோயாங். பாட்டன் பூட்டன், அவர்களுக்கும் மூத்தவர்கள் என்று பொருள். மஹ் மெரி மக்களுக்குக் காட்டிலும் கடலிலும் மோயாங் உண்டு; விலங்கின் உருவில் வரும் மோயாங்கும் உண்டு. செதுக்க வேண்டிய உருவம் கனவில் வரும் என்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஹாரி மோயாங் எனும் மோயாங் திருநாளன்று தீவிலிருக்கும் சுங்கை பும்பூன் கம்பத்துக்கு (கிராமத்துக்கு) அப்பா என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். மோயாங் வீட்டில் சாம்பிராணி புகையும். வந்தவர் நெற்றியில் அரிசிமாவைக் குழைத்துத் தொட்டு வைப்பார்கள். நீப்பா என்ற சதுப்புநிலப் பனையின் ஓலையைப் பின்னிச் சூடிய பெண்கள் ஒரு சின்ன மண்மேட்டைச் சுற்றி ஆட, முகமூடி போட்ட ஆண்கள் கூடவே ஆடி வருவார்கள். மாயின் ஜோ-ஓ என்பது அந்த ஆட்டத்தின் பெயர். நான் பயந்துபோய் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொள்வேன். “நம்ம முனியாண்டி மாதிரிடா, கும்பிட்டுக்கோ” என்பார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். அவருக்குப் புரிந்தது நமக்கும் புரிய வேண்டாமா?

மரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முகமூடிக்குப் பூலாய் மரம். நம் ஏழிலைப்பாலைக்கு நெருங்கிய சொந்தம். எடை குறைவு, முகத்தில் கட்டிக்கொண்டு ஆட வசதி. சிலைக்கு ஞிரே பத்து. பத்துமலையில் வருகிற அதே பத்துதான், மலாயில் கல் என்று பொருள். அலை ஏறி இறங்கும் சதுப்புக்காட்டுச் சேற்றில் வளரும் மரம் அது. சிவப்பாக, உளிக்கு மசியாமல் கனமாக இருக்கும். மஹ் மெரி சிலைகளில் பேர்போன சங்கிலிப் புலியை இந்த மரத்தில்தான் செதுக்குகிறார்கள். ஒன்றோடொன்று கோத்த சங்கிலி வளையங்கள் புலியோடு சேர்ந்து ஒரே கட்டையிலிருந்து வந்தவை. ஆணியோ ஒட்டோ கிடையாது. யுனெஸ்கோவின் தரச் சான்று பெற்ற சிலை அது.

பகாங் மாநிலத்தில் குவாலா கிராவ் பக்கத்து மழைக்காட்டில் வாழும் ஜாஹூட் பழங்குடி மக்களிடம் மரத்துக்கும் ஆவிக்கும் உள்ள இந்த உறவு இன்னும் நெருக்கமானது. ஒருவர் நோயில் விழுந்தால் எந்த ஆவி அதற்குக் காரணம் என்று பூசாரி கண்டு சொல்வார். அந்த ஆவியின் உருவத்தை மரத்தில் செதுக்கி, நோயாளியிடமிருந்து அதை உருவத்துக்குள் இறக்கி, பிறகு காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். காட்டிலிருந்து வந்தது காட்டுக்கே போய்விடும். விற்பனைக்கென்று செதுக்குவதெல்லாம் பிற்பாடு வந்த பழக்கம்.

நம் மரபிலும் இது இல்லாமல் இல்லை. சிலைக்காக மரம் வெட்டும் முன், ‘இதில் குடியிருப்பவர்களே, வேறிடம் போய்விடுங்கள்’ என்று வேண்டிக்கொள்ளும் முறையைப் பழைய சிற்ப நூல்கள் சொல்கின்றன. அப்படியிருக்க, அடுத்த கம்பத்துக்காரரின் சாமியைப் பேய் என்பது நமக்கு அழகா? தோட்டத்தில் பெரியவர்கள் இந்தப் பழங்குடிகளை ‘சக்காய்’ என்று கூப்பிட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அடிமை என்ற பொருளில் புழங்கிய சொல் அது. நானும் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கேரித் தீவின் சதுப்புக்காட்டை வெட்டி, கடல் வராமல் வரப்பு போட்டு, வாய்க்கால் எடுத்து நட்ட செம்பனையில்தான் (எண்ணெய்ப் பனையில்தான்) எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. கூலிக்குப் போனவர்கள் வேறு என்ன செய்திருக்க முடியும்? ஆனால் ஞிரே பத்து அரிதாகிப்போனதில் அதற்கும் பங்கு உண்டு. இப்போது தீவில் பெரிய துறைமுகம் கட்டுகிற பேச்சு பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் சதுப்பும் போனால் சிலைக்கு மரம் எங்கே கிடைக்கும்? ரப்பரிலோ செம்பனையிலோ மோயாங் வராது.

உங்கள் கட்டுரை கைவேலையைப் பாராட்டியதோடு நின்றுவிட்டது. நிலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதே சிலாங்கூரில் தெமுவான் பழங்குடி மக்கள் தொடுத்த, சாகோங் தாசி என்பவர் பெயரால் அறியப்படும் வழக்கில், பரம்பரையாக வாழ்ந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2002இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. துறைமுகப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பை நம் பத்திரிகைகள் எடுத்துப் பேச வேண்டும். தோட்ட நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, கோவிலைக்கூடத் தூக்கிக்கொண்டு அலைந்த நமக்கு அந்த வலி தெரியும்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். யாரையாவது சுங்கை பும்பூனுக்கு அனுப்பி, அந்தப் படத்தில் இருப்பது எந்த மோயாங், செதுக்கியவர் யார் என்று கேட்டு, இரண்டு பெயர்களையும் படத்துக்குக் கீழே அச்சிடுங்கள். வழி காட்ட ஆள் வேண்டுமென்றால் நான் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
பந்திங், சிலாங்கூர்.