நான் 23 மணி 48 நிமிஷம் உங்க ஸ்டேஷன்லயே இருந்தேனாம்

விரைவு பஸ் நிர்வாகத்துக்கு வணக்கம்.

பொருள்: இறங்குற கேட்டோட கடிகாரம் தப்பா ஓடுறதால என் கார்டுல 11 தடவை அதிகபட்ச கட்டணம் பிடிச்சது, அதைக் கேக்க வந்த என்னை பந்து மாதிரி உருட்டி விட்டது.

இது நான் எழுதுற நாலாவது புகார். முன்னாடி எழுதின மூணுக்கும் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"னு எஸ்எம்எஸ் வந்துச்சு, எதைத் தீர்த்தீங்க யாருக்குத் தீர்த்தீங்கன்னு ஒரு வரி இல்ல. காசும் திரும்பல, கேட்டும் மாறல. அதனால இந்தத் தடவை கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க, நான் உங்க ஆளுங்ககிட்ட காட்டின பொறுமைல பாதி போதும்.

நான் ட்ரங்க் லைன்ல, அதான் தனிப்பாதைல ஓடுற உங்க மெயின் பஸ் ரூட்ல, தினமும் ஆபீஸ் போறவ. ஏறுற ஸ்டேஷன்ல பிரச்சனை இல்ல. இறங்குற ஸ்டேஷன்ல ரெண்டாவது கேட், அதான் படிக்கட்டுக்கு எதிர்ல இருக்குமே, அது. எந்த கேட்டுனு உங்களுக்கே தெரியும், ஏன்னா பக்கத்துல இருக்குற ஒண்ணாவது கேட் எப்பவோ செத்துப்போச்சு, சிவப்பு டேப் ஒட்டி வச்சிருக்கீங்க, மூணாவது ஏறுறவங்களுக்கு மட்டும். ஆக எனக்கு இறங்கறதுக்கு இருக்குற வழி அந்த ஒண்ணுதான். அந்த கேட்டோட சின்ன ஸ்கிரீன்ல மேல மூலைல மணி ஓடுது பாருங்க, அது 38 நிமிஷம் பின்னாடி ஓடுது. அவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு வரிய புரியவைக்க எனக்கு அஞ்சு வாரம் ஆச்சு, இன்னும் புரியல உங்க ஆளுங்களுக்கு.

நீங்களே கொடுத்த ஸ்டேட்மென்ட் பேப்பர் கைல வச்சிருக்கேன். ஏறின நேரம் 8:21. இறங்கின நேரம் 8:09. தேதி ஒண்ணுதான். நான் பஸ் ஏறுறதுக்கு 12 நிமிஷம் முன்னாடியே இறங்கிட்டேனாம். நிஜமா நான் இறங்கினது 8:47க்கு, அதுக்கு என் போன்ல போட்டோ இருக்கு, ஒரே படத்துல கேட் ஸ்கிரீனும் ஸ்டேஷன் உள்ள தொங்குற பெரிய கடிகாரமும் தெரியுது, அதுல 8:47 இதுல 8:09. உங்க பொருள், உங்க கடிகாரம், ரெண்டும் ஒண்ணையொண்ணு பொய்யின்னு சொல்லுது, நடுவுல என் காசு போகுது.

கார்டு எப்படி வேலை செய்யுதுன்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? ஏறும்போது எந்த ஸ்டேஷன், எத்தன மணின்னு கேட் மெஷின் கார்டு சிப்புக்குள்ள எழுதிடும். இறங்கும்போது அந்த கேட் அதைப் படிச்சு, தன் மணியோட கழிச்சுப் பாத்து, அங்கயே காசை எடுக்கும். அது சர்வர்கிட்ட கேட்டுட்டு இருக்காது, கேட்டா பின்னாடி வரிசை தெருவுக்குப் போயிடும்ல. அதனால கேட்டோட மணி தப்பா இருந்தா கணக்கும் தப்பு. 8:09ல இருந்து 8:21ஐ கழிச்சா மைனஸ் வருது, மெஷினுக்கு மைனஸ் தெரியாது, ஒரு நாளை சேத்துக்கிட்டு 23 மணி 48 நிமிஷம்னு போடுது, ஸ்டேஷனுக்குள்ள இருக்க வேண்டிய நேரத்தைத் தாண்டிட்டான்னு அதிகபட்ச கட்டணத்தை உருவிடுது. இத நான் வீட்ல உக்காந்து பேப்பர் பேனா வச்சு கண்டுபிடிச்சேன். நான் கம்ப்யூட்டர் படிச்சவ இல்ல. அக்கவுண்ட்ஸ்.

இப்ப அந்த கஸ்டமர் கேர் ஆள் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராம பண்றது போன காசு இல்ல, அவர் பேச்சுதான். மூணாவது தடவை போன் பண்ணினப்ப 40 நிமிஷம் ஹோல்டுல வச்சாங்க. உங்க அழைப்பு எங்களுக்கு முக்கியம்னு ஒரு பொண்ணு சொல்லிட்டே இருந்துச்சு. அப்புறம் ஒருத்தர் எடுத்தார். நான் ஸ்டேட்மென்ட்ல இருக்குற ரெண்டு நேரத்தையும் படிச்சுக் காட்டினேன், அவர் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு ரொம்ப சாவகாசமா, "மேடம், சிஸ்டம்படி நீங்க 23 மணி 48 நிமிஷம் ஸ்டேஷனுக்குள்ளயே இருந்திருக்கீங்க"ன்னார். சரி, சிஸ்டம் சொல்றத சொல்றார்னு நானும் "சார் அது எப்படி சார் முடியும், ராத்திரி நீங்க ஸ்டேஷனை பூட்டிடுவீங்கல்ல"ன்னு கேட்டேன். அதுக்கு அவர், "அது எங்களுக்கு எப்படி மேடம் தெரியும், நைட்டு யார் கூட எங்க தங்கினீங்கன்னு"ன்னு சொல்லி சிரிச்சார். பக்கத்து சீட்லயும் யாரோ சிரிச்ச சத்தம் கேட்டுச்சு.

எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. உங்க கால் எல்லாம் ரெக்கார்ட் ஆகுதுன்னு ஆரம்பத்துல சொல்றீங்களே, போட்டுக் கேளுங்க. இத நான் எந்த மேனேஜர்கிட்டயும் சொல்லாம விடமாட்டேன், மன்னிப்பு அந்த ஆள் வாயால வரணும், எஸ்எம்எஸ்ல வேணாம்.

மன்னிக்கணும், கோவத்துல முன்ன பின்ன எழுதுறேன். முதல் வாரத்துலருந்து சொல்றேன்.

முதல்ல எனக்கு பேலன்ஸ் சீக்கிரம் தீருதேன்னு மட்டும்தான் தோணுச்சு, கட்டணம் ஏத்திட்டீங்க போலன்னு விட்டுட்டேன். ஒருநாள் கேட் திறக்கவே இல்ல, பேலன்ஸ் பத்தல, பின்னாடி முப்பது பேர், எல்லாரும் என்னை முறைக்கிறாங்க, என்னமோ நான் ஓசில போக வந்தவ மாதிரி. கவுன்டர்ல இருந்தவங்க நல்லவங்க, அத சொல்லணும், அந்த அம்மாதான் ஸ்டேட்மென்ட் எடுத்துக் கொடுத்தாங்க, "இது எங்க கைல இல்லம்மா, கார்டு ஆபீஸ்ல கேளுங்க"ன்னாங்க. கார்டு ஆபீஸுக்கு போன் பண்ணினா, கேட் மெஷின் வேற கம்பெனி, நாங்க கார்டு மட்டும்தான். மெஷின் கம்பெனி நம்பர் கேட்டா, அது பப்ளிக்குக்கு கொடுக்கமாட்டோம். பஸ் ஓட்டுறது இன்னொரு கான்ட்ராக்ட்னும் சொன்னாங்க, அதை நான் கேக்கவே இல்ல. எத்தன கம்பெனி வேணா வச்சுக்கோங்க, கார்டு மேல ஒரே பேர்தான் அச்சடிச்சிருக்கீங்க, நான் காசு கட்டினது அந்தப் பேருக்கு.

அப்புறம் அந்த தலைமை ஆபீஸ் பயணம். லீவு போட்டுட்டு போனேன், லைனோட அந்தக் கடைசில இருக்கு. அங்க போறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்துச்சு, அதனால அதே ஸ்டேஷன்ல இறங்கி அதே ரெண்டாவது கேட் வழியா வெளிய வந்தேன், அன்னிக்கும் உருவிடுச்சு. அதிகபட்ச கட்டணம் ஏன் பிடிச்சீங்கன்னு கேக்கப்போற வழில ஒரு அதிகபட்ச கட்டணம். சிரிப்பா வருது இப்ப, அன்னிக்கு அழுகைதான் வந்துச்சு. அங்க டோக்கன் 63, ஓடிட்டு இருந்தது 19. ரெண்டு மணி நேரம் கழிச்சு சர்வர் இல்லன்னாங்க, அப்புறம் லஞ்ச்னாங்க, அப்புறம் என் முறை வந்தப்ப பேப்பரை தலைகீழா பிடிச்சுப் பாத்துட்டு, இதுல ஸ்டேஷன் சீல் இல்லையே, சீல் வாங்கிட்டு வாங்கன்னாங்க. மறுநாள் ஸ்டேஷன்ல கேட்டா, சீலா, எங்ககிட்ட சீலே கிடையாதேன்னு அந்த அம்மா பாவம் முழிக்கிறாங்க. இல்லாத சீலுக்கு என்னோட ஒரு நாள் லீவு போச்சு, ஒரு நாள் சம்பளம், மேனேஜர்கிட்ட மரியாதை, எல்லாம் போச்சு. இந்த வருஷ இன்க்ரிமென்ட் எனக்கு வரலன்னா அதுக்கு நீங்கதான் காரணம், நான் அப்படித்தான் சொல்வேன். அலைஞ்ச அலைச்சலுக்கு கணக்கு போட்டா நானே உங்களோட ரெண்டு பெட்டி சேத்த மடிப்பு பஸ் ஒண்ணு வாங்கி ஓட்டியிருக்கலாம், 18 மீட்டர்ல.

அந்த 40 நிமிஷ ஹோல்டுல நான் சும்மா இருக்கல, போன்ல உங்க மாதிரி பஸ்ஸுங்க கதைய படிச்சேன். பிரேசில்ல குரிட்டிபான்னு ஒரு ஊர், 1974லயே ரோடு நடுவுல பஸ்ஸுக்கு தனிப்பாதை போட்டுட்டாங்க. 1991ல குழாய் மாதிரி ஸ்டேஷன் கட்டி, உள்ள நுழையும்போதே காசு வாங்கிட்டு, பஸ் தரையும் பிளாட்பாரமும் ஒரே மட்டத்துல வச்சாங்க, எதுக்குன்னா பஸ் ஸ்டேஷன்ல நிக்கிற நேரம் குறையணும், கண்டக்டர் சில்லறைக்காக பஸ் நிக்கக்கூடாது. 2000ல கொலம்பியாவோட போகோட்டால ஸ்டேஷன்கிட்ட முந்திப்போக இன்னொரு லேனும் போட்டாங்க, நிக்காம போற பஸ்ஸு நிக்கிற பஸ்ஸுக்குப் பின்னாடி மாட்டிக்கக்கூடாதுன்னு. கேட்டு, கார்டு, இதெல்லாம் வந்ததே பயணியோட நேரத்தை மிச்சம் பண்ண. நீங்க அதே கேட்டை வச்சு என் ஒரு மாசத்தை சாப்ட்டுட்டீங்க.

பேச்சு வந்ததால சொல்றேன், இது இந்தப் புகார்ல சேராது, தனியா வேணா பதிஞ்சுக்கோங்க. ஸ்டேஷன் போர்டுல அடுத்த பஸ் 2 நிமிஷம்னு போட்டு அந்த 2 நிமிஷம் 20 நிமிஷமா நிக்குது, அப்புறம் மூணு பஸ் ஒண்ணா வருது. ஏன்னு எனக்கும் தெரியும். ஒரு பஸ் லேட்டானா அடுத்த ஸ்டேஷன்ல கூட்டம் சேரும், ஏத்தி இறக்க இன்னும் லேட்டாகும், பின்னாடி வர்றதுக்கு ஆளே இருக்காது, அது வேகமா வந்து முன்னாடி பஸ் முதுகுல ஒட்டிக்கும். முன்னாடி பஸ்ல மூச்சு விட இடமில்ல, பின்னாடி ரெண்டும் காலி. இதைப் பிரிச்சு விடத்தானே கன்ட்ரோல் ரூம் வச்சிருக்கீங்க? அங்க இருக்குற கடிகாரமாவது சரியா ஓடுதா? தனிப்பாதைல காரு பைக்கு எல்லாம் போகுது, அதைக் கேக்க ஆளில்ல. நான் 23 மணி நேரம் உள்ள இருந்தேனான்னு கேக்க மட்டும் ஆள் இருக்கு.

சரி. தயவுசெஞ்சு கேட்டுக்கிறேன், இன்னும் எனக்கு உங்க பஸ் பிடிக்கும். கூட்டமா இருந்தாலும் சிக்னல்ல சிக்காம போகும்போது பக்கத்துல நிக்கிற காரைப் பாக்க சந்தோஷமாத்தான் இருக்கும், பொய் சொல்லமாட்டேன். எனக்கு வேண்டியது பெருசா ஒண்ணுமில்ல. அந்த ரெண்டாவது கேட்டோட மணியை சரி பண்ணுங்க, 11 தடவை பிடிச்சதுல என் நிஜக் கட்டணம் போக மிச்சத்தை திருப்பிக் கொடுங்க, அந்த ஆளை எனக்கு போன் பண்ணி மன்னிப்பு கேக்க வைங்க. நான் மட்டும் இல்ல, அந்த கேட் வழியா தினமும் எத்தன பேர் வெளிய போறாங்க, அதுல 38 நிமிஷத்துக்குள்ள வந்து சேர்ற எல்லார்கிட்டயும் இப்படி உருவியிருப்பீங்க, அதுல பாதிப் பேர் ஸ்டேட்மென்ட் எடுத்தே பாத்திருக்கமாட்டாங்க. அவங்க காசையும் நீங்களா கணக்கு பாத்து திருப்பணும், கேட்டாத்தான் கொடுப்போம்னு இருக்காதீங்க.

15 நாள் டைம். அதுக்குள்ள பதில் இல்லன்னா ஸ்டேட்மென்ட், போட்டோ, டோக்கன் சீட்டு, உங்க மூணு "தீர்க்கப்பட்டது" எஸ்எம்எஸ், எல்லாத்தையும் எடுத்துட்டு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறேன். வக்கீல்கிட்ட பேசிட்டேன். சும்மா மிரட்டுறேன்னு நெனைக்காதீங்க, இல்லாத சீலுக்காக ஒரு நாள் முழுக்க உக்காந்தவ நான், கோர்ட் வராண்டால உக்கார எனக்குக் கஷ்டமே இல்ல. அதுக்கு அவசியம் வராம நீங்களே பாத்துக்குவீங்கன்னு நம்புறேன், நன்றி.

நாளைக்கு காலைலயும் நான் அதே கேட்லதான் இறங்கணும். உங்க ஆள் யாராவது கைல வாட்ச் கட்டிக்கிட்டு வந்து அஞ்சு நிமிஷம் பக்கத்துல நின்னா போதும்.

இப்படிக்கு,
தினமும் வீட்டுக்குப் போய் தூங்குற பயணி

பி.கு: ரீஃபண்ட் போட்டா அது ஆன்லைன்லதான் வரும், டாப்-அப் மெஷின்ல கார்டை வச்சாத்தான் சிப்புல ஏறும்னு சொல்வீங்க, தெரியும். எங்க ஸ்டேஷன்ல இருக்குற ஒரே மெஷின்ல "பழுது"ன்னு பேப்பர் ஒட்டி, அந்தப் பேப்பரே பழுப்பாயிடுச்சு. அதையும் இப்பவே பாத்து வச்சுடுங்க, அதுக்காக ஒரு அஞ்சாவது புகார் எழுத வைக்காதீங்க.