எட்டாம் வகுப்போடு பெட்டி கட்டச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய கல்வித்துறை உயர் அலுவலர்களுக்கு, வணக்கம்.

தளி, அஞ்செட்டி மலைக்கிராமங்களில் இடைநின்ற பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்பு வரை தங்கிப் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளியைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. போன வாரமும் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் டி.சி.யை வாங்கிக்கொண்டு தகரப் பெட்டியோடு ஊர் திரும்பிவிட்டார்கள். ஒன்பதும் பத்தும் இங்கேயே நடக்க அனுமதி தாருங்கள். இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறோம்.

எட்டாவது வரை கொண்டுவர என்ன பாடு என்று அறிவீர்கள். நாலாவதோடு நின்ற பிள்ளை 12 வயதில் வந்தால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. அவள் வீட்டில் பேசுவது கன்னடம் அல்லது தெலுங்கு. ‘பழம்’ எழுதச் சொன்னால் ‘பளம்’ என்று எழுதுவாள். ‘பம்பரம்’ என்பதில் இரண்டு ‘ப’வும் வேறு வேறு ஒலியாயிற்றே, ஏன் ஒரே எழுத்து என்று கேட்பாள். நியாயமான கேள்வி.

52இல் 17ஐக் கழிக்கச் சொன்னால் 45 என்பாள். ஏழில் இரண்டு போக ஐந்து, ஐந்தில் ஒன்று போக நான்கு. பலகையில் எத்தனை முறை திருத்தினாலும் இது போகாது. புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகத் துணியில் முடிந்து, ஐந்து முடிச்சும் இரண்டு கொட்டையும் முன்னால் வைத்து, 17 எடு என்று சொல்ல வேண்டும். கொட்டை போதாமல் அவளே ஒரு முடிச்சை அவிழ்ப்பாள். கடன் வாங்கிக் கழிப்பது அந்த நிமிடம் பிடிபடும். நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் இதற்கு நேரம் ஏது?

இப்படித் தேறிய பிள்ளைக்கு ஜூனில் நடப்பது என்ன? டி.சி. கொடுத்ததும், கல்வித்துறையின் இணைய மாணவர் பதிவேடான எமிஸில் அவள் பெயர் காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாதோரின் பொதுப் பட்டியலுக்குப் போகிறது. இன்னொரு பள்ளி அங்கிருந்து எடுத்தால்தான் வருகைப் பதிவு, புத்தகம், பஸ் பாஸ் எல்லாம். சேர்க்க வர வேண்டிய பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலையில். எப்படியோ சேர்ந்தாலும், மாலையில் காட்டுவழியே திரும்ப வேண்டும். ராகி முற்றும் மாதங்களில் யானை இறங்கும் பாதை அது. எந்தத் தாய் துணிந்து அனுப்புவாள்? பத்து நாள் நின்றால் நின்றதுதான். அடுத்து கல்யாணப் பேச்சு.

அடுத்து இடைநின்றோர் கணக்கெடுப்பு வரும். வீடு வீடாகப் போகும் ஆசிரியர், நாம் அனுப்பிய அதே பிள்ளையின் பெயரைப் படிவத்தில் எழுதுவார். பொறுக்கவில்லை ஐயா.

இது விதியில் இல்லாத சலுகையும் அல்ல. இந்தப் பள்ளி இயங்கும், 2004இல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயாத் திட்டம் 2018இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்குள் வந்தபோதே, பத்தாவது வரையும் பன்னிரண்டாவது வரையும் நீட்டிக்க வழி செய்யப்பட்டது. வேண்டியவை: கணக்குக்கும் அறிவியலுக்கும் பட்டதாரி ஆசிரியர்கள், கூடுதல் வகுப்பறை, செய்முறைத் தேர்வுக்கு ஓர் ஆய்வகம்.

கட்டடத்துக்கு நாளாகும் என்றால், அதுவரை பிள்ளைகள் இங்கேயே தங்கிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்குப் போய்வர உத்தரவிடுங்கள். பள்ளி திறக்கும் முன் அந்த ஆணை வந்தால், ஊருக்குப் போன பெட்டிகளை நாங்களே போய்த் தூக்கி வருகிறோம். தயவுசெய்து ஒன்பதும் பத்தும் இங்கேயே நடக்க அனுமதி தாருங்கள்.

இப்படிக்கு,
மலைக்கிராமப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை கொண்டோர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்