வாசிப்புக்கும் அரைப் பேரா? எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் சேர், செயலாளர் டீச்சர், செயற்குழுவில் இருக்கிற அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

வருடப் பிறப்போடு நூலகத்து அறிவித்தல் பலகையில் நீங்கள் ஒட்டிய தாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அங்கத்தவர் ஒவ்வொருவரும் வருடத்துக்கு 50 புத்தகம் வாசிக்க வேண்டும், வாசித்ததைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒக்டோபர் வாசிப்பு மாத விழாவில் 50ஐத் தொட்டவர்களுக்குப் பரிசும் சான்றிதழும். 25ஐத் தாண்டியவர்களுக்குச் சான்றிதழ் மட்டும். அதற்குக் கீழே என்றால் ஒன்றும் இல்லை. (வருடம் எப்படி ஒக்டோபரில் முடிகிறது என்று கேட்க நினைத்தேன். சரி, அது வேறு கதை.)

நல்லெண்ணத்தில்தான் செய்திருக்கிறீர்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், ஏதாவது செய்தாக வேண்டும். இலக்கு வைப்பதிலும் எனக்கு மறுப்பில்லை. இலக்கு ஒன்று இல்லாவிட்டால் தடித்த நாவலை நானும் ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று தள்ளிக்கொண்டே போகிறவன்தான். என் சண்டையெல்லாம் அந்த 50ஓடு.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். எட்டினால் பேர், அதாவது முழு நாள் சம்பளம். எட்டாவிட்டால் அரைப் பேர், பாதிச் சம்பளம். மலை எவ்வளவு சரிவு, அன்றைக்கு எவ்வளவு மழை, மரம் கவ்வாத்து வெட்டி எத்தனை நாள் என்பதெல்லாம் தராசுக்குத் தெரியாது. அதனால் சாயங்கால நிறுவைக்கு முன்னால் என்ன நடக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். கை கொழுந்தைத் தேடாது, முற்றல் இலையையும் சேர்த்துக் கூடைக்குள் தள்ளும். அம்மாமார் வேறு வழியில்லாமல் செய்வதை, சனிக்கிழமை ஓய்வாக வந்து உட்காருகிற இடத்தில் நாமும் ஏன் செய்ய வேண்டும்?

செய்யத் தொடங்கிவிட்டோம் என்பதுதான் விஷயம். இரவல் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். ‘வெற்றிக்கு வழி’ வகை எண்பது பக்கப் புத்தகங்கள் ஒன்றும் அலமாரியில் இல்லை. ஒன்று திரும்பி வந்ததும் மேசையிலேயே அடுத்தவர் கைக்கு மாறுகிறது. நாவல் அடுக்கின் கீழ்த்தட்டு அப்படியே இருக்கிறது. அங்கிருந்து டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ முதல் பாகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திறந்தேன். திகதி ஒட்டிய தாளில் மூன்றே முத்திரைகள், கடைசி முத்திரையின் மை பழுப்பாகிவிட்டது. முதுகில் பூஞ்சணம். நம் ஊர் பனிக்கு யாரும் கை வைக்காத புத்தகத்தில் அது சீக்கிரம் பிடித்துவிடும். இரண்டாம் பாகத்தில் ஒரு முத்திரை. மூன்றாம் பாகத்தில் முத்திரையே இல்லை, தாள் வெள்ளையாக இருக்கிறது.

உங்கள் கணக்கின்படி அது மூன்று புத்தகம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து. தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ ஒன்று. ராஸ்கல்நிகோவ் கோடரியைத் தூக்கியதிலிருந்து குற்றத்தை ஒப்புக்கொள்வது வரைக்கும் மனது படுகிற பாட்டுக்கு ஒன்று, ‘தன்னம்பிக்கையின் ஏழு படிகள்’ மாதிரி ஒன்றுக்கும் ஒன்று! புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ கதைத் தொகுதிக்குள் இருப்பதால் அதற்கு ஒன்றுமே இல்லை.

பெரிய நாவல்கள் எழுதப்பட்ட காலத்தில் யாரும் அவற்றை ஒரு வாரத்தில் விழுங்கவில்லை. டால்ஸ்டாயின் அந்த நாவல் 1865இல் ஒரு ரஷ்ய மாத இதழில் வரத் தொடங்கி, முழுப் புத்தகமாக முடிந்தது 1869இல். ‘குற்றமும் தண்டனையும்’ அதே இதழில்தான் 1866ஆம் ஆண்டு முழுக்க வந்தது. ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் மாதா மாதம் வந்தது. 1950இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னைக் கல்கியில் வாரா வாரம் காத்திருந்து படித்தவர்கள், வந்தியத்தேவன் கடைசியில் என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ள 1954 வரை பொறுத்திருந்தார்கள். இடையில் அதைப் பற்றித் திண்ணையில் சண்டை போட்டிருப்பார்கள். அந்தச் சண்டைதான் வாசகர் வட்டம். அதைச் செய்யத்தானே நாமும் கூடுகிறோம்?

நூலக விதியும் நமக்கு எதிராக இருக்கிறது. ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம், 14 நாள், ஒரே ஒரு முறை புதுப்பிக்கலாம், அப்புறம் நாளுக்கு இவ்வளவு என்று தண்டப்பணம். கொழுந்து மலையில் வேலை முடித்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, லயத்து வரிசை வீடுகளில் தொலைக்காட்சிச் சத்தம் அடங்கிய பிறகு பத்து பக்கம் வாசிக்கிற பெண் எப்படி 14 நாளில் அறுநூறு பக்கம் முடிப்பாள்? நீங்கள் நூலகருடன் பேசி, தடித்த நாவல்களுக்கு மட்டும் இரவல் காலத்தை இரண்டு மாதமாக்கித் தந்தால் அந்த ஒரு வேலையே ஆயிரம் சான்றிதழுக்குச் சமம். பல பாகங்களாக இருக்கிற நாவலை ஒரே புத்தகமாகக் கருதி மொத்தமாகத் தரவும் கேளுங்கள்.

இனி இரண்டாவது விஷயம். இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

போன மாதக் கூட்டத்தில் ‘துன்பக்கேணி’ பற்றிப் பேச்சு வந்தது. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துப் போன கொடுமையைப் பற்றி 1930களிலேயே எழுதிய கதை, நம் கதை, அதனால் எல்லோரும் வரிசையாகப் புகழ்ந்தார்கள். அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற தங்கச்சி ஒருத்தி எழுந்தாள். “இதில் நம் ஆட்கள் அழுவதற்கும் அடி வாங்குவதற்கும் மட்டும்தான் வருகிறார்கள். எங்கள் பாட்டி சொன்ன பழைய தோட்டத்தில் அழுகையும் இருந்தது, கேலியும் பாட்டும் கங்காணியை ஏமாற்றுகிற தந்திரமும் இருந்தது. இதை எழுதியவர் தூரத்திலிருந்து பார்த்து இரக்கப்பட்டிருக்கிறார்” என்றாள். அவ்வளவுதான். “புதுமைப்பித்தனையா குறை சொல்கிறாய் பிள்ளை?” என்று ஒரு பெரியவர் சிரித்தார், கூடவே நாலு பேர் சிரித்தார்கள், டீ வந்துவிட்டது, கூட்டம் முடிந்துவிட்டது. அவள் இந்த மாதம் வரவில்லை.

அவள் சொன்னதை நான் முழுதாக ஏற்கவில்லை. கதை எழுதுகிறவன் அதே லயத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை. லெனாட் வூல்ஃப் என்ற வெள்ளைக்காரர் அம்பாந்தோட்டையில் அரசாங்க அதிகாரியாக இருந்துவிட்டுப் போய், 1913இல் ஒரு காட்டுக் கிராமத்தைப் பற்றி நாவல் எழுதினார். வரியும் வழக்கும் கடனும் அந்த ஏழைச் சிங்களக் குடும்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதைக் கிராமத்தான் பக்கம் நின்று எழுதியிருக்கிறார். நீதிமன்றக் காட்சியில் என்ன நடக்கிறது என்றே புரியாமல் கூண்டில் நிற்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நம் ஆட்கள்தான் ஞாபகம் வந்தார்கள். வெளியாள்தான் எழுதினார், ஆனால் இரக்கம் காட்டிவிட்டு நகரவில்லை. ஆகவே தங்கச்சியிடம் நான் கேட்க நினைத்தது, ‘குறை தூரத்திலா, எழுதிய விதத்திலா?’ என்று. கேட்டிருந்தால் நல்ல பேச்சாக வளர்ந்திருக்கும். அதற்கு முன்னால் நாம் சிரித்து அவளை உட்கார வைத்துவிட்டோம்.

பெரிய பெயர்களைத் தொடக்கூடாது என்றால் நாம் வாசிப்பதில் என்ன இருக்கிறது? நான் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், அடிக்க வருகிறவர்கள் வரட்டும். ‘போரும் வாழ்வும்’ முடிவுரையில் டால்ஸ்டாய் வரலாறு என்றால் என்ன என்று வகுப்பு எடுக்கிற பகுதி எனக்குத் தாங்கவில்லை. நத்தாஷாவும் பியரும் என்ன ஆனார்கள் என்று தெரிந்த பிறகு அதைப் பக்கம் பக்கமாகத் தாண்டினேன், குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. ஆனால் போர்க்களத்தில் அடிபட்டு விழுந்த ஆண்ட்ரூ வானத்தைப் பார்க்கிற அந்த ஒரு இடத்துக்காக இன்னொரு தடவை மூன்று பாகமும் தூக்கிச் சுமப்பேன். ‘கமலாம்பாள் சரித்திரம்’ முதல் பாதியில் ஊர் வம்பு பேசுகிற கூட்டத்தை எழுதிய கை தமிழில் அபூர்வம். சிரித்துச் சிரித்து வாசித்தேன். பின்பாதியில் வேதாந்தத்துக்குள் போய்விடுகிறது, நான் வெளியிலேயே நின்றுவிட்டேன். எழுதியவர் 26 வயதில் இறந்துபோனார் என்று நினைக்கும்போது குறை சொல்ல வாய் வராது, ஆனாலும் குறை குறைதான். வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வந்த முதல் தமிழ் நாவல் என்று பரீட்சைக்குப் பாடமாக்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். அதை ஆரம்பம் முதல் கடைசி வரை வாசித்தவர்கள் கை தூக்கட்டும்.

முதல் நாவல் என்றதும் இன்னொன்று. 1885இல் வந்த ‘அசன்பேயுடைய கதை’யை எழுதிய சித்திலெவ்வை நம் கண்டியில் பிறந்தவர், சட்டத்தரணி. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கதை எகிப்திலும் இந்தியாவிலும் நடக்கிறது, தேயிலையும் லயமும் அதில் வராது. மலைநாட்டிலிருந்து ஒருவர் 140 வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு கதையைக் கற்பனை செய்தார் என்பதே எனக்கு ஆச்சரியம். நம் அலமாரியில் அது இல்லை. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும் தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’யும் இருக்கின்றன, ஆனால் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார். மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான ஸி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ சின்ன நாவல். சங்கம் அமைக்கப் போய் வேலையையும் லயக் காம்பிராவையும் இழக்கிறவனின் கதை. அதன் நடை சில இடத்தில் கூட்ட மேடைப் பேச்சாக மாறிவிடுகிறது என்பது என் கருத்து. அதையும் ஒரு கூட்டத்தில் சொல்ல எனக்கு இடம் வேண்டும். நம் ஆள் எழுதியது என்பதற்காகப் பாராட்டு மட்டும் சொன்னால், அது வாசிக்காமல் மாலை போடுவது.

ஆகவே நான் கேட்பது இதுதான். 50ஐ எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் பள்ளிக்கூடத் தவணை போல வருடத்தை மூன்றாகப் பிரித்து, தவணைக்கு ஒரு பெரிய பழைய நாவலை வட்டம் முழுக்கச் சேர்ந்து வாசிப்போம். ஒன்று தமிழில் எழுதியது, ஒன்று மொழிபெயர்ப்பு, ஒன்று மலையகத்திலிருந்து. மொழிபெயர்ப்பு என்றால் ரஷ்யாவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. மாட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ 1944இல் வந்தது, தெற்கில் ஒரு பழைய குடும்பம் சரிந்து புதுப் பணம் தலைதூக்குகிற கதை. சிங்களத்தில் நேரடியாக வாசிக்கக்கூடிய பிள்ளைகள் இப்போது நம்மிடம் இருக்கிறார்கள், தமிழில் வாசித்தவர்களோடு அவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தால் எனக்கும் கேட்க ஆசை. மற்றபடி யார் என்ன வாசித்தாலும் அவரவர் விருப்பம், அதற்குக் கையெழுத்தும் வேண்டாம். பிரதி போதாது என்பீர்கள். சேர்ந்து நாலு பிரதி வாங்கிச் சுற்றில் விடலாம். இலங்கையின் பழைய தமிழ் நூல்கள் ஆயிரக்கணக்கில் ‘நூலகம்’ இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, கைபேசியிலேயே தேடிப் பார்க்கலாம்.

கொப்பி இருக்கட்டும், ஆனால் அதில் ‘அருமையான நூல், அனைவரும் வாசிக்க வேண்டும்’ என்று எழுதினால் ஏற்க வேண்டாம். எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் அலுத்தது, எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன் என்று எழுதட்டும். பாதியில் நிறுத்தியவரும் கூட்டத்தில் பேசலாம் என்று அறிவித்தலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சில நேரம் ஏன் நிறுத்தினேன் என்று சொல்பவரிடமிருந்துதான் அந்த நாவலைப் பற்றி அதிகம் தெரிகிறது.

அந்தத் தங்கச்சி வீட்டுக்குச் செயலாளர் டீச்சரே ஒரு தடவை போய் வந்தால் நல்லது. நான் போனால் ‘யாரோ ஒரு மாமா வந்தார்’ என்று ஆகிவிடும். அடுத்த கூட்டத்தை ‘துன்பக்கேணி’யோடு தொடங்கி, அவளையே முதலில் பேசச் சொல்லுங்கள். வூல்ஃபைப் பற்றிய என் கேள்வியை அதற்குப் பிறகு கேட்கிறேன். டீயை அன்றைக்கு அரை மணி நேரம் தாமதமாகக் கொண்டுவரச் சொல்லிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
இரவல் பகுதியில் நீங்கள் அடிக்கடி பார்க்கிற ஓர் அங்கத்தவர்