தோண்டுவதும் சுற்றுவதும்: செல்வினுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வின்,

மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை விடாமல் போடச் சொல். இனி உன் வாலிபர் கூட்டத்தின் இஸ்ரேல் பயண விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய திட்டத்தில் காலையில் மெகிதோ மாதிரி பழைய நகரம் புதைந்த ஒரு மேட்டில் அகழாய்வு, மதியம் எருசலேம், மறுநாள் அகழாய்வு முடிந்ததும் கலிலேயா என்று போட்டிருக்கிறாய். இது நடக்காது. தோண்டுகிறவர்கள் விடியற்காலை நாலு, நாலரைக்கு எழுந்து ஐந்து மணிக்குக் குழியில் நிற்பார்கள். எட்டரை, ஒன்பதுக்குக் காலைச் சாப்பாடு. ஒரு மணி வாக்கில் வெயில் தாங்காமல் கருவிகளைக் கட்டி வைப்பார்கள். சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் மாலையில் பானை ஓடு கழுவும் வேலை, அதன் பிறகு பெரும்பாலும் ஒரு வகுப்பு. பல்கலைக்கழகங்களுக்கு விடுமுறை கோடையில்தான் என்பதால் இந்த வேலை பெரும்பாலும் ஜூன், ஜூலையில் வருகிறது. இதற்கு நடுவில் பஸ் ஏற்றினால் மூன்றாம் நாள் பாதிப் பேர் படுத்துவிடுவார்கள். சுற்றுவதை வார இறுதிக்கும், தோண்டல் முடிந்த பிறகு தனியாக நாலைந்து நாளுக்கும் ஒதுக்கு.

பணம் கட்டிப் போய் மண் அள்ளுவதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இந்த வழக்கம் பெரிதாகப் பரவியது சவக்கடல் ஓரத்துப் பழைய கோட்டையான மசாடாவில். 1963 முதல் 1965 வரை இஸ்ரேலியத் தொல்லியல் ஆய்வாளர் யிகேல் யாதின் அங்கே தோண்டியபோது பத்திரிகையில் அழைப்பு விட்டார். 28 நாடுகளிலிருந்து ஆட்கள் சொந்தச் செலவில் வந்து இரண்டிரண்டு வாரமாக வேலை செய்தார்கள். இன்றும் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் வாரக் கணக்கில் கட்ட வேண்டியிருக்கும்.

வேலை என்னவென்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போ. பொதுவாக ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம் அளப்பார்கள். நாலு பக்கமும் அரை மீட்டர் விட்டு, உள்ளே நாலுக்கு நாலு மட்டும் தோண்டுவார்கள். அப்போது பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலத்தில் மண்சுவர் நிற்கும். மண்ணடுக்குகளை ஆராய்ச்சியாளர் படிப்பது அந்தச் சுவரின் முகத்தில்தான். அதன் விளிம்பில் உட்காரக் கூடாது, சாயக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே செய்யும் தப்பு இதுதான். ஒரு ஓரம் இடிந்தால் பல நூற்றாண்டு மண் கலந்து கீழே விழும்.

இரண்டாவது தப்பு, மண்ணில் பாதி தெரியும் பானை ஓட்டைப் பிடுங்குவது. சுற்றியுள்ள மண்ணைக் கரணையால் சமமாக இறக்கினால் அது தானாகவே வெளியே வரும். பிடுங்கினால் ஓடும் உடையும், எந்த அடுக்கில் கிடந்தது என்பதும் போய்விடும். ஒவ்வொரு பக்கெட்டிலும் இடம், அடுக்கு எண், தேதி எழுதிய சீட்டு இருக்கும். சீட்டு தொலைந்த பக்கெட் வெறும் ஓட்டுக்குவியல், ஆய்வுக்கு உதவாது.

கழுவும்போது பிரஷ்ஷால் தேய்ப்பதற்கு முன் ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீரில் நனைத்து இரண்டு பக்கமும் பார்க்கச் சொல். சில ஓடுகளில் பழைய எழுத்து இருக்கும், அது புகைக்கரி மையால் எழுதப்பட்டது, தேய்த்தால் போய்விடும். இந்த முறை தெற்கு இஸ்ரேலில் உள்ள ஆராத் மேட்டு அகழாய்வில் பேர் பெற்றது. ஆனால் உள்ளே எண்ணெயோ திராட்சரசமோ ஊறியிருக்கிறதா என்று சோதிக்க எடுத்து வைத்த ஓட்டை நனைக்கவே கூடாது. சதுரத்துக்குப் பொறுப்பானவரைக் கேட்காமல் எதையும் தொட்டியில் போட வேண்டாம்.

சின்ன ஓடு ஒன்றைக்கூட யாரும் பையில் போடக் கூடாது. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி 1700க்கு முன் மனிதர் செய்த எதுவும் அங்கே தொல்பொருள். தோண்டி எடுத்தது அரசுக்குச் சொந்தம்.

முழங்கால் உறை, கையுறை, கழுத்தை மூடும் தொப்பி, விரல் மூடிய ஷூ எல்லோருக்கும் வேண்டும். தலைக்கு மூன்று, நாலு லிட்டர் தண்ணீர், கூடவே உப்பும் சர்க்கரையும். தண்ணீரை மட்டும் குடித்து உப்பை விட்டால் தலைசுற்றல் அப்போதும் வரும். காலையில் மணல்மூட்டையைத் தூக்கும்போது கையுறை போட்டுத் தூக்கட்டும். அடியில் தேள் இருக்கும்.

விசாவில் அவசரப்படாதே. சுற்றுலா விசா போதுமா, தன்னார்வலர் விசா வேண்டுமா என்பதை அகழாய்வுக் குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தாமல் ஒரு சின்ன நீலச் சீட்டு தருவார்கள். ஹோட்டலில் அதைக் காட்டினால் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது. அதைத் தொலைக்கிற பையன் ஒருத்தன் எல்லாக் கூட்டத்திலும் இருப்பான், நீயே வாங்கி வைத்துக்கொள்.

வெள்ளி பிற்பகல் முதல் சனி இரவு வரை யூதர்களின் ஓய்வுநாள். ரயில் ஓடாது, பெரும்பாலான ஊர்களில் பஸ்ஸும் இல்லை. ஆகவே சனிக்கிழமைக்குத் தனி வண்டி பேசிவிடு. பெத்சான், மசாடா போன்ற தேசியப் பூங்காக்கள் சனியன்றும் திறந்திருக்கும், வெள்ளியன்றுதான் சீக்கிரம் மூடுவார்கள். எருசலேமின் மேற்குச் சுவரில் ஓய்வுநாளில் போட்டோ எடுக்கக் கூடாது. அதற்கு மேலே பொன்குவிமாடம் இருக்கும் ஆலய மலை வளாகத்துக்கு முஸ்லிம் அல்லாதவர் வெள்ளி, சனி போக முடியாது. மற்ற நாட்களிலும் குறிப்பிட்ட நேரம் மட்டும்தான், வேதப்புத்தகத்தை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். பெத்லகேம் போகிற நாளில் எல்லோர் கையிலும் பாஸ்போர்ட் இருக்க வேண்டும், திரும்பும்போது சோதனைச் சாவடியில் கேட்பார்கள்.

சவக்கடலில் இறங்குவதற்கு முந்தின நாளும் அன்றும் சவரம் வேண்டாம். குப்புற மிதக்கவும் வேண்டாம், கண்ணில் பட்டால் தாங்காது. பலர் குளிக்கும் எயின் போகெக் (Ein Bokek) என்ற ஊரின் கரை உண்மையில் ஆலைகளுக்காகத் தண்ணீர் இறைத்துத் தேக்கிய பகுதி. வடக்கே உள்ள இயற்கையான கடல் ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் இறங்கிக்கொண்டே போகிறது. அதனால் கரையில் மண் உள்வாங்கிப் பள்ளங்கள் விழுகின்றன. வேலி போட்ட இடத்தைத் தாண்ட விடாதே.

கடைசியாகப் போர் நிலவரம். 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கிய பிறகு பல குழுக்கள் 2024 கோடைத் தோண்டலையே கைவிட்டன. அதனால் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற டிக்கெட்டாகவே எடு. காப்பீட்டுப் பத்திரத்தில் போர் விலக்கு என்ற பகுதியைக் கையெழுத்துக்கு முன் படி. நம் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரை என்ன சொல்கிறது என்று பணம் கட்டும் முன்னும், கிளம்பும் முன்னும் பார். ராக்கெட் எச்சரிக்கை தரும் பிகுத் ஹஓரெஃப் செயலியை எல்லோர் போனிலும் போட்டுவிடு. தங்குமிடத்தில் நுழைந்ததும் முதல் வேலையாகப் பாதுகாப்பு அறை எங்கே என்று காட்டிவிடு.

எத்தனை பேர், யாருக்கு முட்டி வலி, யாருக்குச் சர்க்கரை என்று பட்டியல் போட்டு அனுப்பு. குனிய முடியாதவர்களுக்கு ஓடு கழுவும் வேலையையோ சல்லடை வேலையையோ கேட்டு வாங்கலாம், ஆனால் விண்ணப்பம் போடும்போதே சொல்லியாக வேண்டும்.

அன்புடன்,
தாசன்